அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடு

சாமி, சனிக்கிழமை நீ போன் செய்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன் என்று சொன்னபோது, "டாக்டர் சொல்றபடி நடந்துக்க கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ இன்னும் ஏதாவது எதிர்பார்த்திருப்பாய். போனில் எனக்குப் பேச வராது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலமெல்லாம் காலையில் மஸ்டரில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய வாய் இது. யார் வந்தார், யார் வரவில்லை என்று கேட்கத் தெரியும். சொந்தப் பிள்ளையிடம் மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். மருமகள் ஜெனியும் இதைப் படிக்கட்டும். நம்மைப்போல கனத்த உடம்பைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீ செய்துகொள்ளப்போகும் அதே ஆபரேஷனை நான் செய்துகொண்ட வருஷம் நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். அதற்கு முந்தைய சீசனில் நடந்ததை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. தலைச்சோலைப் பக்கம் மேல் காட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் சரிவில் பாதி தூரம் ஏறிவிட்டேன், மீதி ஏற முடியவில்லை. இறங்கவும் முடியவில்லை. சில்வர் ஓக் மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றேன். பழம் பறித்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். இரண்டு ஆட்கள் என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டுவந்து, பிக்கப் வண்டியின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். முன் சீட்டில் என் வயிறு கியரில் இடிக்கும் என்று டிரைவர் மெதுவாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சர்க்கரை ஏறிக் கிடந்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. குறட்டைச் சத்தம் நின்றுபோனால் உங்கம்மா பயந்துபோய் என் தோளைத் தட்டுவாள். அப்படி எத்தனை வருஷம் அவள் அரைத் தூக்கம் தூங்கினாள் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

ஆபரேஷனை நினைத்து நான் வருந்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத்தின் அளவுக்குக் குழாய்போல் தைத்துவிடுவார்கள் என்று உன் டாக்டரும் சொல்லியிருப்பார். எனக்குச் சேலத்தில் அதை நல்லபடியாகத்தான் செய்தார்கள். சர்க்கரை இறங்கியது. மூச்சு சீரானது. நான் வருந்துவதெல்லாம் அதற்குப் பிறகு நான் வாழ்ந்த விதத்தை நினைத்து.

முதல் சில வாரங்கள் வெறும் தண்ணீர்போல் இருப்பதுதான் இறங்கும். பருப்புத் தண்ணீர், துணியில் வடிகட்டிய சூப், மோர். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்த மடக்குக்குக் காத்திருக்க வேண்டும். உங்கம்மா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். பிறகு குழைத்த சாதம், மசித்த முட்டை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வரிசை மாறாமல் செய்தாள். அந்த வாரங்களில் தனக்கான சமையலை அவள் ஊட்டுக்குள் செய்யவே இல்லை. பின்கட்டில் விறகடுப்பு மூட்டிச் செய்து, அங்கேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவாள். குழம்பு வாசனை எனக்கு ஏக்கமாக இருக்குமாம். அவள் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தது அப்படித்தான். என்மேல் இருந்த கரிசனத்தில். நான் தேறிய பிறகு 'இனி உள்ளே வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடு' என்று நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அவளும் எவ்வளவு நாள்தான் காத்திருந்தாளோ, தெரியாது.

எடை குறையக் குறைய எனக்குத் தலைகால் புரியவில்லை. பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டேன். ஏற்காடு பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் போய் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் ஏரியைச் சுற்றி நடக்க இரண்டு சினேகிதர்கள் கிடைத்தார்கள். சர்ச்சில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "அடையாளமே தெரியலைங்க ரைட்டர் சார்" என்று யாராவது சொன்னால் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். தலைமுடி கொட்டியது, கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கியது. அதையெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டேன். உங்கம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து செய்த காரியம் என்று ஒன்று உண்டென்றால் அது சாப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் மிளகு வறுத்து அரைத்துக் கறி வைப்பாள், நான் பக்கத்தில் நின்று உப்புப் பார்ப்பேன், மூன்று பேரும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மத்தியானம் தாண்டிவிடும். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில்தான். உன் படிப்பு, என் எஸ்டேட் தகராறு, அவள் அக்கா வீட்டுக் கவலை, எல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசித் தீர்த்தவை.

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு ஒரு முட்டை, இரண்டு மூன்று கரண்டிப் பருப்பு போதும். அதை நான் நின்ற வாக்கில் விழுங்கிவிட்டு நடக்கப் போய்விடுவேன். இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. டாக்டர் அப்போதே சொன்னார். "அவசரப்படாதீங்க. கொஞ்சமா இருந்தாலும் நல்லா மென்னு, அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுங்க. கூடவே தண்ணி குடிக்காதீங்க." நான் கேட்கவில்லை. அவசரமாக விழுங்கி எத்தனையோ தடவை நெஞ்சு அடைத்து வாந்தி எடுத்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தை நான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால், எதிரில் உங்கம்மாவும் உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு தட்டு, நான் ஒரு கிண்ணம். எங்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். டாக்டர் என் வயிற்றுக்குச் சொன்னதை நான் கேட்டிருந்தால் என் குடும்பமும் தப்பித்திருக்கும்.

அடுத்தபடியாக அவளையும் மாற்றக் கிளம்பினேன். அவளும் கனத்த உடம்புதான், உனக்குத் தெரியாததா. ஒருநாள் எனக்குச் செக்கப் இருக்கிறது, துணைக்கு வா என்று சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் முன்னால் உட்காரவைத்து, இவளுக்கும் செய்யலாமா என்று கேட்டேன். அவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் அவளிடம் நேராகக் கேட்டார், அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். திரும்பி வரும் பஸ் மலையின் முதல் வளைவைத் தாண்டியது. பிறகு, "ஏனுங்க, எனக்குச் சர்க்கரை இல்லைங்க, மூச்சு வாங்கறதில்லைங்க. ஊட்டு வேல எல்லாம் நாந்தான செய்யறேன். என்னைய எதுக்குங்க அறுக்கோணும்?" என்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நீ லீவில் வந்திருந்தாய். நீ வருகிறாய் என்று உங்கம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு சமையலறைக்குள்ளேயே கறி வைத்திருந்தாள். நான் நடந்துவிட்டு வந்தேன், எண்ணெய் வாசனை குமட்டியது. வாசலைப் பார்க்கத் திரும்பி நின்றிருக்கலாம். நீங்கள் இருவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தாள். சின்னத் தட்டு, அதில் ஒரே ஒரு துண்டுக் கறி, எலும்பில்லாமல் பிய்த்துப் போட்டு. அதைப் பார்த்தும் நான் சொன்னேன். "உன்னயப் பாக்கறப்ப எனக்கு அந்தப் பழைய உடம்புதான் ஞாபகத்துக்கு வருது. பாக்கவே புடிக்கல." அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் அவள் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். என் எலும்பு, என் தோள், என் வயிறு, எல்லாம் அப்படியே உன்னிடம் இருந்தது. நீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனாய். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அப்பாவைப் பார்த்துப் பையனுக்கும் புத்தி வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த மனுஷன்தான் இன்று உனக்கு எழுதுகிறேன்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் உங்கம்மா சேலத்துக்குப் போனாள். முழங்கால் வலிக்கு மலைக் குளிர் ஆகவில்லை, அக்கா ஊட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன். பெரியம்மா வீட்டில் அவளுக்கு ஆதரவாக இருக்கும் என்று உன்னிடமும் அதே காரணத்தைச் சொன்னோம். வெயில் காலம் வந்தது, அவள் வரவில்லை. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முழங்கால் என்ற ஒரு வார்த்தையை வைத்து எங்கள் இரண்டு பேர் மானத்தையும் அவள் மூடிவைத்தாள்.

அவள் போன பிறகு மாத்திரைகளும் போயின. சத்து மாத்திரையை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காலையில் தண்ணீரோடு அதைக் கையில் கொடுத்து, நான் விழுங்குகிற வரை நிற்பது உங்கம்மா. அவள் இல்லாதபோது, உடம்பு இளைத்துவிட்டது, நடக்கிறேன், இனிமேல் எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. சாப்பாட்டுக்குப் பதில் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் என்று ஆகிவிட்டது. அவை வலிக்காமல் இறங்கிவிடும். இழந்த எடையில் கொஞ்சம் அப்படித்தான் திரும்பி வந்தது. பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது, பிறகு எரிச்சல். பனிக்கு என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் சினேகிதர்களோடு சேர்வராயன் கோயில் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியாமல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பி-12 சத்து அடியோடு இல்லை, நரம்பு பாதித்துவிட்டது, ஊசி போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், எல்லாமே திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்படித்தான் ஆனது. இன்றைக்கும் செருப்பு கழன்று விழுந்தால் எனக்குத் தெரியாது. கடைவீதியில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டு, "சார், செருப்ப உட்டுட்டுப் போறீங்க" என்பார்கள். நான் ஊன்றுகோலோடு திரும்பிப் போய் மாட்டிக்கொள்வேன். உனக்கு வெறும் சுளுக்கு என்று சொல்லிவைத்தேன். நீ நம்பினாயா, நம்பியதுபோல் இருந்தாயா தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு உங்கம்மா வந்தாள். டிஸ்சார்ஜ் ஆகி என்னோடு மலை ஏறி வந்து, நான் தனியாக எழுந்து நடக்கிற வரை இருந்தாள். மாத்திரைகளைக் காலை, மாலை என்று சின்னச் சின்ன டப்பாவில் போட்டுவைத்தாள். பருப்பு மசித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். "இங்கயே உக்காரு" என்று நான் சொன்னேன். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊட்டில் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவ்வப்போது சேலத்துக்குப் போய் வர ஆரம்பித்தேன். ஒருமுறை சொல்லாமல் போய் நின்றேன். பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் உங்கம்மா. ஒரு கையால் பரிமாறிக்கொண்டே மறு கையில் தன் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்னவன் ஏதோ சொன்னான், அவள் வாயில் சோற்றோடு சிரித்தாள், புரையேறியது, இன்னொரு பிள்ளை எழுந்து அவள் தலையில் தட்டினான். நான் வாசலில் நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவள் உடம்பு கனத்தது என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை கண்ணு. அது படாமல் இருக்க எனக்கு இத்தனை நாள் தேவைப்பட்டிருக்கிறது.

உன் போன் வந்த பிறகு திங்கட்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். நீ அவளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டிருக்கிறாய். நல்லதுதான். பெரியம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள், நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதைப்பற்றி நாங்கள் பேசுவது அதுதான் முதல் தடவை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"நீங்க சொன்னதுக்கு நான் அழுவலைங்க. நொம்ப நாளாவே உங்க மூஞ்சி அதத்தான சொல்லிக்கிட்டிருந்துச்சு. பையன் சோத்தத் தள்ளி வெச்சிட்டு எந்திரிச்சான் பாருங்க, அதுக்குத்தான் அழுதேன். அன்னைல இருந்து அவன் என் முன்னால வயிறாரச் சாப்புட்டதில்ல."

அடுத்த கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "இப்ப அவன் எதுக்குங்க ஆபரேஷன் செஞ்சுக்கறான்? உடம்புக்கா, நீங்க சொன்னதுக்கா?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மலை ஏறி வந்தேன். அதை உன்னிடம் சேர்க்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உனக்குச் சர்க்கரை இருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று ஜெனி பயப்படுகிறாள், டாக்டரும் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார் என்றால், தயங்காமல் செய்துகொள். நல்ல ஆபரேஷன் அது. எனக்கு உயிர் கொடுத்தது. ஆனால் அதில் கொஞ்சமாவது, ஒரு துளியாவது, அந்த மத்தியானம் உன் அப்பன் சொன்ன வார்த்தைக்காக என்று இருந்தால், தேதியைத் தள்ளிப்போடு. அந்த வார்த்தையை நம்பி உன் உடம்பில் கத்தி படவேண்டாம். அது பொய். உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை. என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அதை உங்கள் இரண்டு பேர் தட்டிலும் கொட்டினேன். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். ஜெனியிடம் உட்கார்ந்து பேசு, அவளுக்குத் தெரிந்தால் போதும்.

செய்துகொண்டால், மாத்திரையை ஒருநாளும் விடாதே, ரத்தம் பார்க்கச் சொன்ன தேதியில் போய்ப் பார். கிறிஸ்துமஸ் ஒயின்கூட முன்போல இருக்காது, சீக்கிரம் தலைக்கு ஏறும், கவனம். முடி கொட்டும்போது பயப்படாதே. இதெல்லாம் டாக்டரும் சொல்வார். நான் சொல்வது இது ஒன்றுதான். உன் கிண்ணத்தில் மூன்று கரண்டிதான் இருந்தாலும் அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடு. ஜெனி எதிரில் உட்காரட்டும். அவளுக்குப் பிடித்ததை அவள் வயிறு நிறையச் சாப்பிடட்டும், அந்த வாசனை உனக்குக் குமட்டினால் சொல், ஆனால் எழுந்து போகாதே. அவள் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிற வரை உன் கரண்டி கீழே இருக்கட்டும்.

திங்கட்கிழமை அங்கிருந்து கிளம்பும்போது உங்கம்மாவிடம், பையனுக்கு ஆபரேஷன் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா என்று கேட்டேன். கீரைத் தண்டுகளை வாரிக்கொண்டு எழுந்தாள். "போலாமுங்க," என்றாள். உள்ளே போனவள் திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்று, "ஆனா அங்க இருந்து திரும்பறப்ப என்னைய மலைக்குக் கூப்புடாதீங்க," என்றாள். கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ தேதியை மாற்றாவிட்டால் ஆபரேஷனுக்கு முதல்நாளே உன் ஊருக்கு வந்துவிடுவோம். நான் காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி, சேலம் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காக நிற்பேன். சேர்ந்து வந்து உன்னைப் பார்ப்பது வரைக்கும்தான் அவள் எனக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறாள்.

அப்பா